உமா குமரன் எம்.பி. ஆகிவிட்டார், இனி என்ன? கேள்விகளும் பதில்களும்

2024 ஜூலைத் தேர்தலில் பிரிட்டனில் ஆட்சியைப் பிடித்த லேபர் கட்சியின் எம்.பி. உமா குமரன். அவரை அங்குள்ள 'முதல் தமிழ்ப் பெண் எம்.பி.' என்று சொல்கிறார்கள். அவரைப் பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: முதல் முறை வென்றவர் உடனே அமைச்சராக முடியுமா?

முடியும், ஆனால் அரிது. 2024 ஜூலையில் 335 புதுமுகங்கள் உள்ளே வந்தார்கள். ஜார்ஜியா கூல்ட் போன்ற ஒருசிலருக்குத்தான் அந்த மாதமே பதவி கிடைத்தது. மற்றவர்களுக்குப் பின்வரிசைதான். முதலில் கன்னிப்பேச்சு, அப்புறம் ஏதாவது ஒரு குழுவில் இடம், பிறகு அமைச்சர் ஒருவருக்குச் சம்பளமில்லாத உதவியாளர், அதன்பின் இளநிலை அமைச்சர். இதுதான் வழக்கமான ஏணி. உமா 2015இல் ஹரோ கிழக்கில் தோற்றவர். ஒன்பது ஆண்டு கழித்து ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று, வெளியுறவுக் குழுவில் இடம்பிடித்தார். இது சின்ன விஷயமில்லை. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் குழு அது.

கேள்வி: நான் குரோய்டனில் இருக்கிறேன். என் விசா விஷயமாக அவருக்கு எழுதலாமா?

எழுதாதீர்கள். ஒரு எம்.பி. தன் தொகுதிவாசியின் பிரச்சினையை மட்டுமே எடுப்பது அங்குள்ள மரபு. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு உரிய எம்.பி.யிடம் போங்கள்.

கேள்வி: ஈழத் தமிழருக்காக அரசை எதிர்த்து வாக்களிப்பாரா?

கொறடாவை மறக்காதீர்கள். 2024 ஜூலை 23 அன்று, இரு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை நீக்கக் கோரும் திருத்தத்துக்கு வாக்களித்த ஏழு லேபர் எம்.பி.க்களைக் கட்சி இடைநீக்கம் செய்தது. ஆட்சிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை! ஆகவே வாக்கை மட்டும் வைத்து அளக்காதீர்கள். எழுத்துபூர்வக் கேள்வி, விவாதம், குழு விசாரணை எல்லாவற்றையும் பாருங்கள்.

கேள்வி: முதல் தமிழ்ப் பெண் எம்.பி. என்பது தவறு. 2015இலேயே சுவெல்லா பிரேவர்மன் (பின்னாளில் பிரிட்டன் உள்துறை அமைச்சராக இருந்தவர்) எம்.பி.யாக வந்துவிட்டாரே?

அவருடைய தாய் மொரிஷியஸ் தமிழ் வழியினர், தந்தை கென்யாவிலிருந்து வந்த கோவா வழியினர். வம்சாவளியை மட்டும் பார்த்தால் உங்கள் வாதத்தில் நியாயம் உண்டு.

அதே நபர்: அப்படியானால் பட்டத்தை விட்டுவிடுங்கள்.

விட மாட்டேன். உமா, போரால் இடம்பெயர்ந்த ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள், கிழக்கு லண்டனில் பிறந்து, தன்னைத் தமிழர் என்று சொல்லியே வாக்குக் கேட்டு வென்றவர். 'முதல்' என்பதை மக்கள் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். மொரிஷியஸ் தமிழர் தமிழரில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

கேள்வி: சம்பளம்?

அவர் வென்றபோது ஆண்டுக்கு 91,346 பவுண்டு.

கேள்வி: லூட்டனில் இருக்கும் என் தம்பியின் விசா...

மேலே சொல்லிவிட்டேன். லூட்டன் எம்.பி.க்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதலாமா?

வாழ்த்து எழுதலாம். விசா வேண்டாம்.