வெங்காயத்தாளும் 1,390 ரூபாய் தவணையும்

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். வாரச் சம்பளம் 5,500 ரூபாய். பிள்ளைகளுக்கு ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் செய்ய வாரம் இரண்டு கட்டு வெங்காயத்தாள் வாங்குகிறேன். கட்டு 25 ரூபாய். வேரோடு இருக்கும் அடிப்பகுதியைத் தண்ணீரில் வைத்தால் திரும்பத் துளிர்க்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இதற்கிடையே ஒரு கடையில் வெங்காயத்தாள், சைவ்ஸ் (வெங்காயத்தாள் மாதிரியே மெல்லிய தாள் உள்ள செடி), கீரை எல்லாம் வளர்க்கும் மாடித்தோட்ட செட் 14,500 ரூபாய் என்கிறார்கள். மாதம் 1,390 வீதம் 12 தவணை. மாதம் 1,500 ரூபாய் மிச்சமாகுமாம். வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மணி. அக்கா சொன்னதைச் செய்யுங்கள், கடையில் சொன்னதை விட்டுவிடுங்கள்.

அக்கா சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் இரண்டு விரற்கடை வேரோடு விட்டு, வேர் மட்டும் நனையும் அளவு தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைப்போம். மறுநாளே நடுக்குருத்து வெட்டிய இடத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும். ஒரு வாரம், பத்து நாளில் நறுக்கலாம். இரண்டாவது முறை தாள் கொஞ்சம் மெலியும், மூன்றாவது முறை இன்னும் மெலியும். அடியில் சேர்த்து வைத்திருந்த சத்தைத் தின்றுதானே அது வளர்கிறது, வெறும் தண்ணீரில் வேறென்ன இருக்கிறது? அப்புறம் மண்ணில் நட்டுவிட வேண்டியதுதான். ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி போதும். கூடையில் முளைவிட்ட சின்ன வெங்காயத்தையும் தூக்கி எறியாமல் அதிலேயே ஊன்றுங்கள், அதுவும் தாள் கொடுக்கும்.

தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். வேர் அழுகி நாறும் என்பது ஒன்று. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும் என்பது இன்னொன்று. ஒரு காய்ச்சல் வந்தால் பல வருடத்து வெங்காயத்தாள் காசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

இனி கணக்கு. இப்போது வாரம் 50 ரூபாய் செலவு. துளிர்ப்பது மெலிந்துகொண்டே போவதால் இரண்டில் ஒரு கட்டுதான் மிச்சமாகும் என்று வையுங்கள். வாரம் 25, மாதம் 100 சொச்சம், 52 வாரம் சேர்ந்த வருடத்துக்கு 1,300 ரூபாய். செட்டுக்கு நீங்கள் கட்டப்போவது 12 தவணையில் 16,680. அதை வெங்காயத்தாளில் திருப்பி எடுக்க 12 வருடத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் அந்த 1,500 ரூபாய் மிச்சம் எங்கிருந்து வந்தது? நீங்கள் வாங்காத பொருளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு வந்திருக்கும். சைவ்ஸையே பாருங்கள். உங்கள் வீட்டில் இதுவரை வாங்கியிருக்க மாட்டீர்கள். வாங்காத பொருளில் மிச்சம் பிடிக்க முடியுமா? அது குளிர் பிரதேசத்துச் செடி, திருப்பூர் சித்திரை வெயிலில் திணறும். பாக்கெட்டில் வேரில்லாமல் வரும் தாளைத் தண்ணீரில் வைத்தாலும் முளைக்காது, வேரோடு தூர் வேண்டும். பச்சை வாசம்தான் வேண்டுமென்றால் முளைவிட்ட பூண்டுப் பல்லை மண்ணில் ஊன்றுங்கள், அதன் தாள் அருமையாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. தவணை கட்ட யோசிக்கிறீர்கள் என்றால், மாதம் 1,390 ரூபாயை ஒதுக்க முடியும் என்றுதானே அர்த்தம். அதைக் கடைக்குக் கட்டாமல் 12 மாதம் தனி சேமிப்புக் கணக்கில் போட்டால் அதே 16,680 உங்கள் கையில் இருக்கும். கணவரின் மூன்று வாரச் சம்பளம் அது! ஆர்டர் குறைந்து சனிக்கிழமைக் கவர் மெலியும் மாதம் எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க இந்தப் பணம் வேண்டும். முதல் வருடம் இதை மட்டும் செய்யுங்கள்.

அடுத்த வருடம் அதே 1,390 ரூபாய்க்குத் தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) ஆரம்பியுங்கள். வட்டி 6.7 சதவீதம் என்று வைத்தால் முடிவில் ஏறக்குறைய 99,000 ரூபாய் வரும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது ஃபீஸுக்கு ஆகும். முதல் வருடமே அதில் போட வேண்டாம், அவசரத்துக்கு உடனே எடுக்க முடியாது.

வெங்காயத்தாளில் மிச்சமாகும் 25 ரூபாயைச் சம்பளம் வந்த சனிக்கிழமையே உண்டியலில் போட்டுவிடுங்கள். பர்சிலேயே விட்டால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கரைந்துவிடும். மாதம் 100 ரூபாய்க்கும் தபால் நிலையத்தில் ஆர்.டி. போடலாம், குறைந்தபட்சத் தொகையே அதுதான்.

தென்னம்பாளையம் மார்க்கெட்டில் கட்டு வாங்கும்போது அடியைத் திருப்பிப் பார்த்து, வேர் நறுக்காததாக எடுங்கள். சில கடைகளில் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று வேரை ஒட்ட வெட்டிவிடுவார்கள், அது சரியாகத் துளிர்க்காது.