55 வயதில் ஓட ஆரம்பித்து அரை மாரத்தான் ஓட முடியுமா? தனியாக ஓடலாமா, கூட்டாளிகள் வேண்டுமா?

தாராளமாக முடியும். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. பயிற்சிக்குக் கூட்டாளி கட்டாயம் வேண்டும். பந்தய நாளில் அவரவர் ஓட்டம் அவரவருக்கு.

எனக்கு வயது 63. செங்கோட்டையை ஒட்டி, தென்காசி ரோட்டில் பிரானூர் பார்டரில் மரக்கடை வைத்திருக்கிறேன். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை மலைமேல் கோட்டைவாசலுக்குப் போய் இத்தனை காலமாகியும் எங்கள் இடத்துக்குப் பார்டர் என்ற பெயர் அப்படியே நிற்கிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, சர்க்கரை விளிம்பில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாக மாறியதற்குக் காரணம் கூட வந்த ஆட்கள்தான்.

நாங்கள் ஐந்து பேர். ரயில்வேயில் தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, இலஞ்சி டீச்சர், ஆரியங்காவில் ரப்பர் வெட்டும் சேட்டன், என் மச்சான், நான். டீச்சர்தான் எங்களில் இளையவர், ஐம்பதை நெருங்குகிறார். அண்ணாச்சிக்கு எழுபதை எட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வயதானவர்கள் ஓடும்போது பெரிய தொல்லை வேகம்தான். தனியாக ஓடினால் கால் சூடானதும் நமக்குத் தெரியாமலே வேகம் ஏறிவிடும். நம் வயதில் ஓட்டத்தின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் அந்த வேகத்திலேயே நன்றாகப் பழகும். தசைநாரும் எலும்பும் பழக இன்னும் கூடுதல் காலம் எடுக்கும், அவசரப்பட்டால் முதலில் அடிபடுவது அவைதான். எவ்வளவு மெதுவாக என்றால், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்றாலும் பரவாயில்லை. அந்த வேகத்தில் 21.1 கிலோமீட்டரை 2 மணி 49 நிமிடத்தில் முடித்துவிடலாம். எட்டரை, ஒன்பது என்றாலும் ஆரம்பத்துக்கு அதுவே சரி.

இதற்கு எங்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. ஓடும்போது அண்ணாச்சி கதை சொல்வார். மீட்டர் கேஜ் காலத்தில் மழை இரவுகளில் தண்டவாளம் பார்த்துக்கொண்டு நடந்தது, ஆரியங்காவு குகைக்குள் வௌவால் கூட்டம், அகல ரயில்பாதை வேலைக்காக வண்டிகள் நின்று 2018இல் மறுபடி ஓட ஆரம்பித்தது, எல்லாம் வரும். கேட்கிறவர்கள் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். யாராவது வெறும் 'ம்' கொட்ட ஆரம்பித்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அண்ணாச்சி உடனே, "ஏன் மாப்ள, கதை பிடிக்கலையா, மூச்சு பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு வேகத்தைக் குறைப்பார். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்க்கிற வசதி எனக்கு இருக்கிறது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறத்தாழ வரும், 60 வயதுக்கு 166. அதில் எழுபது சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும் என்பார்கள். இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பே குறைவாகக் காட்டலாம். அதனால் நான் கடிகாரத்தைவிட அண்ணாச்சியின் கதையைத்தான் நம்புகிறேன்.

அன்றைக்கு யார் மெதுவாக இருக்கிறாரோ அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். இது எங்கள் கூட்டத்தின் சட்டம். இந்தச் சட்டம் இல்லாத கூட்டத்தில் சேராதீர்கள். ஒவ்வொரு காலையும் ஒரு பந்தயமாகிவிடும், ஆறு மாதத்தில் பாதிப் பேர் எலும்பு டாக்டர் வாசலில் இருப்பார்கள்.

தனியாகவே ஓடிச் சாதித்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர் இருந்தார். 1931இல் பிறந்தவர். 2003இல் தன் 72வது வயதில் முழு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார். எழுபதைத் தாண்டிய ஒருவர் அப்படி ஓடியது அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டு 2 மணி 54 நிமிடம். 85வது வயதில் நான்கு மணிக்குள் ஓடினார். அவருடைய பயிற்சி என்ன தெரியுமா? வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் தனியாக, மெதுவாக, மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருவது. அந்தப் பொறுமை தனக்குள்ளேயே இருந்தவர் அவர். எனக்கு அந்தப் பொறுமையைக் கூட்டாளிகள் தருகிறார்கள்.

அப்புறம் ஓய்வு. இதை எனக்குப் புரியவைத்தவர் சேட்டன். ரப்பரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பாலுக்கு ஆசைப்பட்டு ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டமரப்பு வந்துவிடும். பட்டை வறண்டு, எவ்வளவு கீறினாலும் பால் வராது. "காலும் அதே போலத்தான், பால் ஊற நேரம் கொடுக்கணும்" என்பார். நாங்கள் செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் ஓடுகிறோம். நடுவில் நடை, இல்லாவிட்டால் சைக்கிள். இருபத்தைந்து வயதில் ஒரு ராத்திரித் தூக்கத்தில் சரியாகிற களைப்பு, அறுபதில் இரண்டு மூன்று நாள் உடம்பில் நிற்கும். அதை மதித்தே ஆக வேண்டும்.

ஆரம்பிக்கிற விதம் எளிது. டாக்டரைப் பார்த்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். சர்க்கரையோ, குடும்பத்தில் இதய நோயோ இருந்தால் டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்றும் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ, இடது கையில் வலியோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கூட்டாளி பக்கத்தில் இருப்பதன் மதிப்பு அப்போது தெரியும். முதல் இரண்டு மாதம் அரைமணி நேர நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வந்த பிறகு, ஞாயிறு ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு பதினாறு, பதினெட்டுக்குக் கொண்டு வந்தால் போதும். ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள், அண்டை அயலாரும் சொல்வார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984இல் ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரர்களை இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஓடாதவர்களைவிட அவர்களுக்கு அன்றாட வேலைகளில் முடியாமை வந்தது பல ஆண்டு தள்ளித்தான். முழங்கால் தேய்மானமும் அவர்களுக்குக் கூடுதலாக இல்லை. ஏற்கெனவே மூட்டு வலி இருப்பவர்கள் மட்டும் எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும்.

எங்கள் வயதில் மூட்டைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான். நரம்பு என்று பேச்சில் சொல்கிறோம், அது தசைநார். வயது ஏற ஏறக் கெண்டைக்காலின் உந்துவிசை குறைகிறது, காலடி வைக்கும் தூரம் சுருங்குகிறது, அந்த நாரும் எளிதில் அடிபடுகிறது. அண்ணாச்சிக்குக் குதிகால் பிடித்துக்கொண்டபோது, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் நாலு அடி வைக்கவே கஷ்டப்பட்டார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது, 1998இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட முறை. படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலால் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று. இந்த மூன்று சுற்றையும் முழங்காலை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி இன்னொரு முறை செய்ய வேண்டும். காலை, மாலை இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். அண்ணாச்சி தன் வீட்டுத் திண்ணைப் படியில் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் விடாமல் செய்தார். அவர் ஓடாத அந்த நாட்களில் சைக்கிளில் எங்கள் பக்கத்தில் வந்து கதை சொன்னார். இப்போது வலி இல்லாத நாங்களும் வாரத்தில் மூன்று நாள் அதே படியில் நிற்கிறோம். உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. புளியரை வழியாகக் கேரளா போகிற பெரிய ரோட்டில் நாங்கள் ஓடுவதில்லை. விடியற்காலையில் லாரி விடாமல் போகும், எஸ் வளைவில் ஓரமே கிடையாது. கண்ணுப்புளிமெட்டு வழியாகக் குண்டாறு அணைக்குப் போகிற ரோடு எங்களுக்குப் பிடித்தது. ஏற்றம் கொஞ்சம் உண்டு. ஏற்றத்தில் வேகத்தை விட்டுவிட்டு மூச்சைக் காப்பாற்றுங்கள், காலடியைச் சிறிதாக்குங்கள், தேவையென்றால் நடங்கள். இறக்கத்தில் பாய்ந்து ஓடினால் மறுநாள் தொடை பேசும். ஜூன், ஜூலையில் சாரல் ஆரம்பித்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று தள்ளும். அப்போது முதல் பாதியை மேற்கே காற்றை எதிர்த்து ஓடி, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள்கிறோம். நாய்த்தொல்லைக்கும் கூட்டமாகப் போவதுதான் மருந்து. டீச்சர் இருட்டில் வீட்டை விட்டுத் தைரியமாக இறங்குவதும் நாங்கள் நாலு பேர் தெருமுனையில் நிற்பதால்தான். பெண்கள் ஓட வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி பந்தயம். நாங்கள் பெரும்பாலும் கொச்சிக்குப் போவோம். பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் செங்கோட்டைக்கு வரும், காலையில் எர்ணாகுளத்தில் இறங்கலாம். சனிக்கிழமை முழுக்க ஓய்வு, ஞாயிறு விடியுமுன் ஓட்டம். கொச்சியில் ஓடினாலும் எங்கள் ஊரில் ஓடினாலும் ஓடுகிற தூரம் ஒன்றுதான், வெயில்தான் வேறு. எங்கள் ஊர்க் காற்றில் வேர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம், வேர்வை உலராமல் வழியும், உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் அங்கே கிலோமீட்டருக்குப் பதினைந்து இருபது விநாடி விட்டுக்கொடுத்தே கணக்குப் போடுகிறோம். வயதானால் தாக உணர்வும் மங்கும். தண்ணீர் மேஜை வரும்போதெல்லாம் இரண்டு மடக்கு குடிப்பது நல்லது. குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். நீண்ட ஓட்டத்தில் உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ நடுநடுவே சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பாதி நேந்திரம்பழம், ஒரு கருப்பட்டிக் காப்பி எனக்குப் போதும். புதுச் சாப்பாடு, புது ஷூ எதையும் அன்றைக்குச் சோதிக்காதீர்கள்.

தொடக்கக் கோட்டில் ஐந்து பேரும் கைகுலுக்கிக்கொள்வோம், அத்தோடு பிரிந்துவிடுவோம். யாரும் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. பயிற்சியில் மெதுவானவரின் வேகம் எல்லோருக்கும் பொருந்தும். பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் தன் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மச்சானுடைய ஏழு நிமிட வேகத்தில் அண்ணாச்சி போனால் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவார். அண்ணாச்சியோடு போனால் மச்சானுக்கு ஒரு வருஷ உழைப்பு என்னவாயிற்று என்றே தெரியாமல் போய்விடும். டீச்சர் எப்போதும் முதல் ஐந்து கிலோமீட்டரைப் பிடித்துவைத்து ஓடுவார். பதினைந்தைத் தாண்டியதும், ஆரம்பத்தில் அவரை முந்திப் போன இளவட்டங்களை ஒவ்வொருவராகக் கடப்பார், முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதைப் பார்த்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மெது ஓட்டங்களின் பலன் தெரியும்.

முடித்தவர்கள் பதக்கத்தோடு பழத்தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதில்லை. நடைபாதை வழியாகக் கடைசிக் கிலோமீட்டர் வரை திரும்பி நடந்து, பின்னால் வருகிறவர்களுக்குக் குரல் கொடுப்போம். அண்ணாச்சி வந்தால், "அண்ணாச்சி, கதை எங்க விட்டீங்க?" என்று சேட்டன் கத்துவார். பதில் முழு வாக்கியமாக வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார்.

பந்தயம் முடிந்த வாரம் ஓட்டம் கிடையாது, நடை மட்டும். அடுத்த பந்தயத்துக்கு உடனே பணம் கட்டாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு அரை மாரத்தான் நம் வயதுக்கு நிறைவு.

கூட்டாளி எங்கே கிடைப்பார் என்று தேடுகிறீர்களா? ஓட்டக்காரரைத் தேடாதீர்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே காலையில் நடக்கிற ஒருவரிடம் நாளைக்குச் சேர்ந்து போகலாமா என்று கேளுங்கள். தென்காசிப் பக்கம் என்றால் ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பிரானூர் பார்டருக்கு வாருங்கள். உங்கள் வேகத்தில்தான் எல்லோரும் ஓடுவோம்.