மான்கறியை வீட்டில் யாரும் தொட மாட்டேன் என்கிறார்களா?

நண்பர் உரிமத்தோடு வேட்டையாடிக் கொடுத்த மான்கறி ஃப்ரீசரில் கிடக்கிறது, மனைவி "வாடை அடிக்கும்" என்கிறார், பிள்ளைகள் "பாவம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

வாடையைச் சரி செய்யலாம். அது பெரும்பாலும் கொழுப்பிலும், துப்பாக்கியால் சுட்டபின் மானின் உடலைச் சீக்கிரம் குளிர வைக்காததிலும்தான் வருகிறது. மான் கொழுப்பு ஆறியதும் மெழுகுபோல வாயில் ஒட்டும். வெள்ளையாகத் தெரியும் கொழுப்பையும் சவ்வையும் முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள். முதல் தடவை பெரிய துண்டாகப் பரிமாற வேண்டாம். கொத்துக்கறியாக்கி, பழகிய மசாலாவில் செய்யுங்கள். கொழுப்பு குறைந்த கறி என்பதால் சீக்கிரம் வறண்டுவிடும், கொஞ்சம் எண்ணெய் தாராளமாக இருக்கட்டும். கொத்துக்கறியின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

அதற்கு முன் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: மானைச் சுட்டது ஈயக் குண்டிலா, செம்புக் குண்டிலா? ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் சிதறும். சமைத்தால் போகாது. ஈயம் என்றால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

பிள்ளைகளின் "பாவம்" வேறு கதை. கடைக்கறிக்கு முகம் கிடையாது, இதற்கு உண்டு. காட்டில் சுதந்திரமாக வாழ்ந்த விலங்குதானே என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் சாப்பாட்டு மேசையில் வாதம் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஆட்டுக்கறி என்று சொல்லி மட்டும் ஊட்டிவிடாதீர்கள். தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் வைக்கும் எந்தக் குழம்பையும் சந்தேகப்படுவார்கள்.