வாடைக்கு முன்னே: மணற்காட்டுக் கடலும் அலையும், கேள்வி பதில்

மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று என்று யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குக் கரைக்குப் பலகையில் சறுக்க அலை தேடிப் போகிறவர்கள் இந்த வருடம் கூடிவிட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் கேள்விகளும் கூடிவிட்டன. வந்தவற்றைச் சுருக்கி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (லண்டனிலிருந்து): அண்ணை, மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். சறுக்குப் பலகையையும் கொண்டு வரலாமா? யாழ்ப்பாணத்தில் உண்மையிலேயே அலை இருக்கா?

பதில்: அலை இருக்கிறது. ஆனால் தென்கிழக்குக் கரையின் அறுகம்குடா அலையை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே சித்திரை முதல் ஐப்பசி வரை வருவது தென் சமுத்திரத்தில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வரும் நீண்ட அலை. அந்த அலை எங்களிடம் வந்து சேராது, முழு இலங்கையும் குறுக்கே கிடக்கிறது. மேற்கே மன்னார் வளைகுடாவால் வருவதை இராமர் அணையின் மணல் திட்டுகளும், ஆழம் குறைந்த பாக்கு நீரிணையும் தின்றுவிடும்.

எங்களுக்குத் திறந்திருப்பது கிழக்கும் வடகிழக்கும், அதாவது வங்காள விரிகுடா மட்டும்தான். அதனால் அலை இரண்டு வகையில் வரும். ஒன்று, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நாட்கணக்காக அடித்துக் கிளப்பும் குட்டையான, நெருக்கமான அலை. மற்றது, விரிகுடாவில் எங்காவது தாழமுக்கம் உருவாகும்போது அங்கிருந்து வரும் ஒழுங்கான அலை. முதலாவது கார்த்திகை முதல் தை வரை தாராளம், ஆனால் பெரும்பாலும் குழம்பிக் கிடக்கும். இரண்டாவதுதான் நீங்கள் தேடுவது. அது எப்போது வரும் என்று மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்தாறு நாள் முன்னர்தான் தெரியும்.

கொண்டு வருவதென்றால் நீளமான, தடித்த பலகையாகக் கொண்டு வாருங்கள். எங்கள் அலைக்குத் தள்ளும் பலம் குறைவு. மெல்லிய குட்டைப் பலகை அதில் தாண்டுபோகும்.

கேள்வி (நெல்லியடி): விண்டி செயலியில் அலை 1.4 மீற்றர், 6 செக்கன் என்று காட்டுது. நல்லதா கெட்டதா? எதைப் பார்ப்பது என்றே விளங்கவில்லை.

பதில்: தம்பி, எல்லாரும் மீற்றரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எங்கள் கரைக்கு முதலில் காற்று, பிறகு செக்கன், கடைசியில்தான் மீற்றர்.

செக்கன் என்பது ஒரு அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம். 5, 6 செக்கன் என்றால் பக்கத்திலேயே அடிக்கும் காற்று கிளப்பிய அலை. ஒன்று உடைந்து முடியமுதல் அடுத்தது முதுகில் ஏறும். 9, 10 செக்கன் என்றால் தூரத்திலிருந்து வந்தது. வரும் வழியிலேயே வரிசைப்பட்டு, இடைவெளி விட்டு வரும். உயரம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாலும் 10 செக்கன் அலை கரைக்குக் கொண்டு வரும் பலம் 5 செக்கன் அலையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே நீங்கள் பார்த்த 1.4 மீற்றர், 6 செக்கனில் நுரையும் அடியும்தான் கிடைக்கும். 1 மீற்றர், 10 செக்கன் என்று கண்டால் பலகையைத் துடைத்து வையுங்கள்.

வந்து சேரும் நேரத்தையும் நீங்களே கணக்குப் பார்க்கலாம். செக்கனை 2.8 ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் நகரும் என்பது வரும். 10 செக்கன் என்றால் 28 கிலோமீற்றர். 700 கிலோமீற்றருக்கு அப்பால் தாழமுக்கம் நிற்கிறதா, ஒரு நாளும் கொஞ்சமும் கழித்து அலை மணற்காட்டில் இருக்கும். நீளமான அலை வேகமானது, அதுதான் முதலில் வரும். கரையில் காற்றே இல்லாத காலையில் இடைவெளி விட்டு விட்டு ஒரு அலை எழும்பி வந்தால், தூரத்தில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

செயலியில் 'அலை' என்ற மொத்தக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். காற்றலை, தூர அலை என்று பிரித்துக் காட்டும் இடத்துக்குப் போங்கள். மொத்தம் 1.4 என்றிருக்கும், அதில் தூர அலை வெறும் 0.3 ஆக இருக்கும்.

கேள்வி: 1.5 மீற்றர் என்று அறிவித்தார்கள். ஆனால் என் தலைக்கு மேலால் ஒரு அலை வந்து புரட்டிப் போட்டது. கணிப்புப் பிழையா?

பதில்: பிழை இல்லை. கணிப்பில் சொல்லும் உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைவிடப் பெரியவை இடையிடையே வரத்தான் செய்யும். நாள் முழுக்க நின்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றிரண்டைக் காணலாம். இறங்கமுதல் ஒரு இருபது நிமிடம் கரையில் இருந்து பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். முதல் ஐந்து நிமிடத்தில் கடல் தன் பெரிய அலையைக் காட்டாது.

கேள்வி (வல்வெட்டித்துறை): அப்பப்பா வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்றுதான் கடலைக் கதைப்பார். சறுக்குகிறவர்களுக்கு இதில் எது நல்லது?

பதில்: அப்பப்பாவிடம் இன்னும் கேளுங்கள், செயலியை விட வடிவாகச் சொல்லுவார். வடமராட்சி கிழக்குக் கரை வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. வாடையும், கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அலை முகத்தைக் குழப்பிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் மேற்கிலிருந்து வரும் கச்சானும் தரையிலிருந்து கடலுக்குப் போகும். அப்போது அலை முகம் கண்ணாடியாக நிமிரும். கஷ்டம் என்னவென்றால், சோளகம் அடிக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரை எங்கள் கரையில் அலையே இருக்காது. அலை இருக்கும் காலத்தில் காற்று எதிராக நிற்கும்.

இந்த இரண்டும் சேரும் சில நாட்கள் உண்டு. தாழமுக்கம் எங்களுக்குத் தென்கிழக்கே நிற்கும்போது காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து அடித்து அலையைக் கிளப்பும். அது எங்களைக் கடந்து சென்னைப் பக்கம் ஏறியதும் காற்று மேற்குக்குத் திரும்பும். முதல் நாள் கிளம்பிய அலை இன்னும் வந்துகொண்டிருக்கும், காற்றோ தரையிலிருந்து அடிக்கும். அந்த அரை நாள், ஒரு நாள்தான் மணற்காடு தன் முழு அழகோடு நிற்கும். வருடத்தில் கொஞ்சத் தரம்தான் அமையும். அதற்காகக் காத்திருப்பது எனக்கு அலுத்ததே இல்லை.

கேள்வி (குருநகர்): தாழமுக்கம் என்றதும் நீங்கள் சந்தோஷப்படுவது எங்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது. எங்கள் வள்ளங்கள் கரையில் ஏறி, அடுப்பெரியாத நாட்கள் அவை.

பதில்: நீங்கள் சொல்வது நியாயம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டிய மழையும், 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவிப் புயலும் எங்கள் பக்கத்துச் சனத்தை எப்படி அலைக்கழித்தன என்று நாங்கள் மறக்கவில்லை. தாழமுக்கம் நிற்கும் நாளில் யாரும் கடலுக்குள் இறங்கக்கூடாது, பார்க்கப் போவதும் வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களம் 'மன்னாரிலிருந்து காங்கேசன்துறை ஊடாக' என்றோ 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக' என்றோ கடற்பரப்பைச் சொல்லி எச்சரித்தால் அது எங்களுக்கும்தான். கடற்றொழிலாளர் போகாத கடலுக்குப் பலகையோடு போவது வீரம் இல்லை. வள்ளங்கள் திரும்பவும் இறங்கிய பிறகுதான் எங்கள் முறை.

கேள்வி (கொக்குவில்): பிள்ளைகளுக்கு ஏழும் பத்தும் வயது. எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: அக்கா, மணற்காடு வேண்டாம். காரைநகர் கசூரினா, வேலணைச் சாட்டி இரண்டும் ஆழம் குறைந்தவை, அலையும் சின்னது. அப்படியென்றாலும் ஒரு விஷயத்தில் கவனம். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில் தண்ணீர் தட்டையாக, பயமில்லாததுபோல இருக்கும். காற்றடித்த ரியூப், மிதக்கும் மெத்தை எதையும் அந்த நாளில் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கமுதல் நூறு மீற்றர் போயிருக்கும். எந்தக் கரை என்றாலும் இது பொருந்தும். சோளக காலத்தில் வடமராட்சி கிழக்கில் இன்னும் மோசம், அங்கிருந்து போனால் அடுத்த கரை அந்தமான் பக்கம்தான்.

கேள்வி (மானிப்பாய்): கடல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்கிறார்களே, அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் கூடுதலாக எழுத விரும்புகிறேன்.

அலைகள் கரைக்குத் தள்ளிக் குவிக்கும் தண்ணீர் எங்காவது ஒரு வழியால் திரும்பிப் போகவேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையில் ஆழமான வாய்க்கால் ஒன்றை அதுவே வெட்டிக்கொள்ளும். அலையின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆழம் இருந்தால் அலை அந்த இடத்தில் உடையாது. ஆகவே இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரியும். புதிதாக வருகிறவர் 'இங்கேதான் அலை இல்லை, குளிக்க நல்ல இடம்' என்று நேராக அதற்குள்ளேயே இறங்குவார். உயிர் போவது அப்படித்தான்.

மணற்காட்டில் சவுக்குமரப் பக்கத்து மணல் மேட்டில் ஏறி நின்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் கலங்கிய மணல் தண்ணீர் நாக்கு நீட்டியதுபோல வெளியே போவது தெரியும். சந்தேகம் என்றால் ஒரு தேங்காய்ப் பொச்சை முழங்கால் தண்ணீரில் போடுங்கள். கரைக்கே திரும்பி வந்தால் சரி. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போய், ஒரு இடத்தில் திரும்பி நேரே வெளியே போகத் தொடங்கினால், அந்த இடம்தான் வாய்க்கால். போன கிழமை இருந்த இடத்தில் இந்தக் கிழமை இருக்காது. வாடை காலத்தில் ஒரு இரவிலேயே மணல் இடம் மாறும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அந்த ஓட்டம் ஆளை அடியில் அமிழ்த்தாது, வெளியேதான் கொண்டு போகும். மல்லாந்து மிதந்து மூச்சை ஆறவிட்டு, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடையும் பக்கம் வந்தபிறகு அலையோடு கரைக்கு வாருங்கள். பலகை இருந்தால் அதை விடவே வேண்டாம். கரையில் நிற்பவர் பின்னாலே பாய வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றை மூடி இறுக்கி எறிந்தால்கூட அதைப் பிடித்து மிதக்கலாம்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமிக்கு அலை பெருக்குமா?

பதில்: அலை பெருக்காது, வற்றுப்பெருக்குத்தான், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் கூடும். எங்கள் பக்கம் அதுவும் அரை மீற்றர் அளவுதான். ஆனால் மணல் திட்டில் அரை மீற்றர் தண்ணீர் கூடினால் அலை வெளியே உடையாமல் கரையோரத்தில் வந்து சடாரென்று விழும். கழுத்தும் தோளும் அடிபடுவது அங்கேதான். நடு வற்றில் இறங்குவது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி (கரவெட்டி): தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் சறுக்கலாமா? பருத்தித்துறையில்?

பதில்: மழைக்குத் தடுப்பணைக் கதவு திறந்தால் தொண்டைமானாற்றில் கலங்கிய தண்ணீர் பலமாக வெளியே பாயும். அந்தக் காலத்தில் கிட்டவே போகாதீர்கள். பருத்தித்துறைப் பக்கம் முழுக்க முருகைக்கல். விழுந்தால் தோல் உரிந்து வரும், காயமும் லேசில் ஆறாது. பார்க்கத்தான் வடிவு.

கேள்வி: ஐப்பசியில் பின்னேரம் இடி மின்னல். எவ்வளவு நேரம் வரைக்கும் நிற்கலாம்?

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குள் என்றால் ஏறிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை இறங்க வேண்டாம். தனிப் பனைக்குக் கீழே ஒதுங்கவும் வேண்டாம், வாகனத்துக்குள் இருங்கள். இந்த மாதத்தில் விடியக்காலைதான் நல்லது. காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும்.

கேள்வி (சாவகச்சேரி): முதல் தரம் பழகப் போகிறேன். மார்கழியில் மணற்காடு சரிவருமா?

பதில்: சரிவராது தம்பி. மார்கழியில் பழகுவதற்கு வெலிகம போங்கள். தெற்கில் அப்போது கடல் அமைதி, சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே பழக ஆசை என்றால் மாசி கடைசி, பங்குனி வரை பொறுங்கள். வாடை தளர்ந்திருக்கும், இடுப்பளவு அலை இருக்கும்.

கேள்வி (உடுத்துறை): கரைவலை இழுக்கும் இடத்தில் சிலர் குறுக்கே இறங்குகிறார்கள். இதையும் எழுதுங்கள்.

பதில்: கட்டாயம் எழுத வேண்டியது. வலை வளைத்திருக்கும்போது கயிறு தண்ணீருக்கு அடியில் கனதூரம் போகும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. பலகையின் துடுப்போ, காலில் கட்டிய கயிறோ அதில் சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களின் ஒரு நாள் உழைப்பும் போய்விடும். கரைக்குப் போனதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ இழுப்பவர்களிடமோ கேளுங்கள், எந்தப் பக்கம் வலை வளைக்கும் பாடு இல்லை என்று சொல்லுவார்கள். கடற்படைக் காவலரண் உள்ள இடத்தில் அவர்களிடமும் சொல்லிவிட்டு இறங்குங்கள். அங்கே உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிப் போக வேண்டாம். 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். காயம் என்றால் மந்திகை ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், ஆகவே வாகனத்தோடு ஒருவர் கரையில் நிற்காமல் யாரும் இறங்காதீர்கள்.