ஆடிட்டர்களுக்குத் தடை என்ற செய்தியும் உங்கள் மகளின் சி.ஏ. படிப்பும்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் முடித்து ஆர்டிகிள்ஷிப் (ஓர் ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) சேரப் போகிற நேரத்தில், ஆடிட்டர்களுக்கு அபராதம், பத்து ஆண்டு தடை என்ற செய்திகளைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். "கோர்ட்டுக்குப் போனால் இந்த விதிகள் நிற்காது என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். விதிகள் செல்லும் என்று நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. அவை போய்விடும் என்று நம்பி யாரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிவந்தபோது, இத்தனை ஆண்டு ஆடிட்டர்கள் என்ன பார்த்தார்கள் என்று நாடே கேட்டது. 2013 கம்பெனிகள் சட்டத்தில் ஆடிட்டர்கள் மேல் இத்தனை கட்டுப்பாடு வந்ததில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேலான மற்ற கம்பெனிகளிலும் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் ஆடிட் செய்ய முடியாது. அந்தச் சட்டத்தின் 132-வது பிரிவின் கீழ் 2018 அக்டோபரில், ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் என்.எஃப்.ஆர்.ஏ. (தேசிய நிதி அறிக்கை ஆணையம்) வந்தது. தவறு நிரூபணமானால் அது ஓர் ஆடிட்டரை 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். அதே சட்டத்தின் 140(5) பிரிவும் கடுமையானது. மோசடிக்கு உடந்தை என்று கம்பெனிகள் சட்டத் தீர்ப்பாயம் இறுதியாக முடிவு செய்தால், 5 ஆண்டு எந்தக் கம்பெனிக்கும் ஆடிட்டராக முடியாது.

இந்த 140(5)ஐத்தான் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். என்ற நிதிக் குழுமத்தின் விவகாரத்தில் அதன் ஆடிட்டர்கள் எதிர்த்தார்கள். தொழில் செய்யும் அடிப்படை உரிமையை இது பறிக்கிறது என்பது ஒரு வாதம். நாங்கள்தான் ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டோமே, பிறகு என்ன நடவடிக்கை என்பது இன்னொன்று. 2020இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது, ஆனால் ராஜினாமா செய்தவர்கள் மேலான நடவடிக்கையை ரத்து செய்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றியது: பிரிவும் செல்லும், ராஜினாமா செய்தும் தப்ப முடியாது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. பொதுமக்கள் பணத்துக்குக் காவலாக நின்றவர், வீடு தீப்பிடித்ததும் சாவியை வீசிவிட்டுப் போக விடலாமா?

அடுத்து 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. உங்கள் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். 132-வது பிரிவும் என்.எஃப்.ஆர்.ஏ. விதிகளும் செல்லும், ஒரு பார்ட்னர் செய்த தவறுக்கு அவருடைய ஆடிட் நிறுவனமும் பொறுப்பு, ஆணையம் வருவதற்கு முன் நடந்த ஆடிட்டையும் விசாரிக்கலாம் என்றெல்லாம் அரசு பக்கமே தீர்ப்பு போனது. ஆனால் ஆடிட்டர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆடிட் சரியில்லை என்று அறிக்கை எழுதியவர்களே நோட்டீஸும் அனுப்பினால், நடுநிலை எங்கே இருக்கும் என்பது காரணம். அதிகாரம் உண்டு, அதை நியாயமான முறையில்தான் பயன்படுத்த வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். என்.எஃப்.ஆர்.ஏ. தண்டித்தாலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது.

சரி, மகளுக்கு வருவோம். ஆர்டிகிள்ஷிப்பில் இருப்பவர் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை. பொறுப்பு கையெழுத்திடும் பார்ட்னருக்கும் நிறுவனத்துக்கும்தான். அதனால் அடுத்த இரண்டு ஆண்டு அவளுக்கு ஆபத்து என்று எதுவும் இல்லை, பழக்கம் மட்டும்தான் உருவாகும். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை. ஆடிட்டர்கள் விசாரணையில் மாட்டும்போது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு, பார்த்ததற்குப் பதிவு இல்லை என்பது. "நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள்" என்பது அங்கே எடுபடாது. என்ன கேட்டோம், எந்த ஆவணத்தைப் பார்த்தோம், ஏன் திருப்தி அடைந்தோம் என்று வொர்க்கிங் பேப்பரில், அதாவது ஆடிட் வேலையின் பதிவுக் கோப்பில், இருக்க வேண்டும். அந்தக் கோப்பை 7 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும்.

ஆகவே பெரிய பெயரா, சின்ன அலுவலகமா என்று மட்டும் பார்த்து இடம் தேடாதீர்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு வந்த பிள்ளைகள் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். சேரும் முன் மகளே அந்த ஆடிட்டரிடம் கேட்கட்டும்: கம்பெனி ஆடிட் எத்தனை வரும்? கோப்பை யார் எழுதுவார்கள், யார் திருத்துவார்கள்? கம்பெனி நிர்வாகம் ஒரு பதிலைத் தராமல் இழுத்தால் இங்கே என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

அப்புறம், படிப்பை விட்டு வேறு டிகிரிக்கு மாற்றலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அவளுக்குக் கணக்கு அலுத்துவிட்டது என்றால் மாற்றுங்கள், நானே வழி சொல்கிறேன். செய்தியைப் பார்த்து மாற்ற வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள், 132, 140 இரண்டு பிரிவையும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.