12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள், எனக்கு மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்?

கேள்வி: வணக்கம் சார். மும்பை செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சமாக இருந்தது, 2025-26ல் 13 லட்சம் ஆகியிருக்கிறது. நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய சலுகை கொடுத்திருப்பதாக நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசுகிறார், ஆபீஸிலோ 26,000 ரூபாய் வரி பிடிப்போம் என்கிறார்கள். ஏறிய சம்பளமே 25,000தான்! "கடன் வாங்கிக் கொடுக்கிற சலுகை, அடுத்த பட்ஜெட்டில் பிடுங்கிவிடுவார்கள், பழைய வரி முறையிலேயே இரு" என்கிறார் என் கணவர். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) போடுவதை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் ஆபீஸ் போட்ட கணக்கில் தப்பில்லை. 13 லட்சத்தில், சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கழிக்கிற நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 12.25 லட்சம். 12 லட்சம் வரை வரியைப் பூஜ்யமாக்குவது ஒரு தள்ளுபடி; அந்த வரம்பைத் தாண்டியதும் அது முழுசாகப் போய்விடும், ஸ்லாப் (வருமானப் படிநிலை) விகிதப்படி 63,750 வர வேண்டும். தாண்டிய தொகைக்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால் 25,000த்தோடு நிற்கிறது, அதன் மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்ந்து 26,000. ஆக உங்கள் இன்கிரிமென்ட் மொத்தமும் போய், கையிலிருந்து ஆயிரமும் போகிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஹெச்ஆரிடம் போய், சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனம் செலுத்தும் தொகையாக என்பிஎஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போடச் சொல்லுங்கள். கழிவுகள் குறைவான புதிய வரி முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை இதற்குக் கழிவு உண்டு. உங்கள் பேசிக் 6.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 91,000 வரை போடலாம், ஆனால் 25,000 போட்டாலே வரி பூஜ்யம். நீங்களே தனியாக என்பிஎஸ் கட்டினால் புதிய முறையில் கழிவு கிடையாது, நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். பேங்க் டெபாசிட் வட்டி இருந்தால் அதுவும் வருமானத்தில் சேரும் என்பதால் அந்த அளவுக்குக் கூட்டிப் போடுங்கள். என்பிஎஸ் பணம் பெரும்பாலும் நீண்ட காலம் முடங்கும், அதனால் அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இதில் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

பழைய முறை வேண்டவே வேண்டாம். மாத வாடகை 30,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) பேசிக்கில் பாதி, பிபிஎஃப் போன்ற சேமிப்புக்கான 80சி கழிவு முழுசாக 1.5 லட்சம் என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் செஸ்ஸோடு 76,000க்கு மேல் வருகிறது.

அப்புறம் உங்கள் கணவர் சொல்வது. அரசின் வாதம் இதுதான்: வருமான வரியில் சுமார் 1 லட்சம் கோடியை விட்டுக்கொடுக்கிறோம், அந்தப் பணம் மக்கள் கையில் இருந்தால் செலவும் சேமிப்பும் கூடும், அப்படியும் நிதிப் பற்றாக்குறையை (வரவுக்கு மேல் அரசு செய்யும் செலவை) ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) 4.8 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைக்கிறோம். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பற்றாக்குறையைக் கட்டுக்குள் வைத்தது நல்ல விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாதுங்கா மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மாவுக்கு இந்தச் சலுகையில் ஒரு பைசா கிடையாது, அவர் வருமான வரிக்குள்ளேயே வராதவர், சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி மட்டும் கட்டுகிறார். நடுத்தர வர்க்கத்துக்குக் கொடுத்ததை நாட்டுக்கே கொடுத்ததாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025-26 பட்ஜெட்டில் அரசுக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன்தான், அதனால் உங்கள் கணவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 2020ல் அறிவித்த புதிய முறையில் தள்ளுபடி வரம்பு 2023ல் 7 லட்சம், 2025ல் 12 லட்சம் என்று ஏறித்தான் வந்திருக்கிறது. நாளைக்கே மாற்றினாலும், பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வொரு வருஷமும் எந்த முறை என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், நீங்கள் எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

பிபிஎஃப்பை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். போடும்போது கழிவு இல்லை, சரி, ஆனால் 7.1 சதவீத வட்டிக்குப் புதிய முறையிலும் வரி இல்லை. வரிக்காகச் சேமித்துப் பழகியவர்கள் கழிவு போனதும் சேமிப்பையே விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கை இறுக்கமான வருஷத்தில் 500 ரூபாயாவது கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். ஹெச்ஆரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், பல நிறுவனங்களில் வருஷத்தின் நடுவில் சம்பள அமைப்பை மாற்ற ஒரே ஒரு தடவைதான் விடுவார்கள்.