பெட்டியில் எது இருக்கலாம், எது போகலாம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். வயது 47. வீடு மாற்றும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய கேசட் இறங்கியது. டீப் பர்ப்பிள், பிங்க் ஃப்ளாய்ட், அயர்ன் மெய்டன் என்று மேல்நாட்டு ராக் குழுக்கள், எல்லாம் காலேஜ் காலத்துச் சேமிப்பு. அதில் சில, டிடிகே கம்பெனியின் வெற்று கேசட்டுகளில் நண்பன் பதிவு செய்து கொடுத்தவை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரி தமிழில் பேசியிருப்பான். ஆசையாக அதே ஆல்பங்களைப் போனில் போட்டால் இரண்டு பாட்டுக்கு மேல் மனசு நிற்கவில்லை. ஆனால் 2001-ல் பேலஸ் கிரவுண்ட்ஸில் டீப் பர்ப்பிளைப் பார்த்துவிட்டு, பஸ் இல்லாமல் அவனும் நானும் ஜெயமஹால் ரோடு வழியாக நடந்தே வீடு வந்ததை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. 2003-ல் மழையில் நனைந்துகொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் பார்த்ததும் அப்படித்தான். அவன் இப்போது துபாயில். பேசிப் பல வருடமாகிறது. ரசனை போய்விட்டதா, வயதாகிவிட்டதா? மனைவி பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார். காலேஜ் போகும் பையனோ பாட்டு ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறான்.

– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பெங்களூரு

பதில்: ரசனை போயிருந்தால் உட்கார்ந்து இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள் சார். கேட்கிற விதம்தான் மாறிவிட்டது.

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1972-ல் வந்தது. மொத்தமே ஏழு பாட்டு, 40 நிமிடம்கூட ஓடாது. கேசட் காலத்தில் ஒரு பக்கத்தைப் போட்டால் அது முடிகிற வரை விட்டுவிடுவோம். பிடிக்காத பாட்டைத் தாண்ட ஃபார்வர்டு அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. வாக்மேன் என்றால் பேட்டரிச் செலவு வேறு. இப்படி வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டே பிடிக்காத பாட்டும் பிடித்துப்போனது. இப்போது பெருவிரலுக்குப் பொறுமை கிடையாது. நடுவில் ஆபீஸ் வாட்ஸ்அப் வேறு. போனை ஏரோப்ளேன் மோடில் போட முடியாது என்றால், ஆல்பத்தை டவுன்லோடு செய்துவிட்டு நெட்டையாவது அணையுங்கள். ஷஃபிள் பட்டன் பக்கமே போகாதீர்கள். ஒரு ஆல்பம், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, கையில் வேறு வேலை இல்லாமல். சமையல் பண்ணிக்கொண்டே கேட்பதெல்லாம் இரண்டாம் சுற்றுக்கு.

போனில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்றும் பாருங்கள். ஒரே ஆல்பம் பல வருடங்களின் பேரில் இருக்கும். சிடி காலத்தில் வந்த சில ரீமாஸ்டர்களில், அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்டவற்றில், மெதுவான இடத்தையும் ஓங்கிய இடத்தையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேட்கக் கேட்கக் காது களைத்துவிடும். ரீமிக்ஸ் என்றால் இன்னும் ஒரு படி மேல்: தனித்தனியாகப் பதிவான கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாவற்றையும் மறுபடி கலந்திருப்பார்கள். 2024-ல் 'மெஷின் ஹெட்' அப்படி வந்தது. கலந்தவர் டுவீசில் ஸாப்பா. இதில் ஒரு வேடிக்கை. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரோவில் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்யப் போனார்கள். அங்கே பதிவுக்குப் பார்த்துவைத்திருந்த கேசினோ ஒரு கச்சேரியின் நடுவே தீப்பிடித்து எரிந்தது. அந்தக் கச்சேரி டுவீசிலின் அப்பா, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவுடையது. இடமில்லாமல் போனவர்கள் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில், எதிரொலியை அடக்க மெத்தைகளை முட்டுக்கொடுத்து வாசித்தார்கள். வெளியே நின்ற பதிவு வண்டி யாருடையது தெரியுமா? நீங்கள் மழையில் பார்த்த அதே ரோலிங் ஸ்டோன்ஸுடையது. பழைய மிக்ஸைப் போட்டு, நல்ல ஹெட்போனில் இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்புறமும் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

கச்சேரி விஷயம் வேறு. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் மிக அதிகமாக நினைவுக்கு வரும் என்று உளவியல் ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். உங்களுக்கு அந்த வயதில் பெங்களூருவும் தோதாக அமைந்தது. 2002-ல் பிங்க் ஃப்ளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ், 2005-ல் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளர், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்று வரிசையாக வந்தார்கள். 2001-ல் உங்கள் முன்னால் ஹாமண்ட் ஆர்கன் என்கிற கீபோர்டு வாசித்த ஜான் லார்ட் மறு வருடமே டீப் பர்ப்பிளை விட்டு விலகினார், 2012-ல் காலமானார். அந்த மேடை இனி யாருக்கும் இல்லை. ஆனால் உங்கள் தொண்டையை அடைப்பது ஜான் லார்ட் என்று எனக்குத் தோன்றவில்லை. கச்சேரியில் எந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நடந்து வந்த வழி இருக்கிறது, கூட வந்தவர் இருக்கிறார்.

ஆகவே பெட்டி. கடையில் வாங்கிய கேசட்டுகள் போகட்டும். அதில் இருப்பதெல்லாம் இன்று போனிலேயே கிடைக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே. பழைய பேப்பர்காரர் வேண்டாம், சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், சும்மா கொடுத்தாலே வீட்டுக்கு வந்து எடுத்துப்போவார்கள். நண்பர் பதிவு செய்த டிடிகே கேசட்டுகளைத் தொடாதீர்கள். அந்தக் குரல் வேறு எங்கும் கிடைக்காது. அவசரப்பட்டு ஏதோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுவிடவும் வேண்டாம். கேசட்டின் உள்ளே, டேப்பைப் படிக்கிற ஹெட்டோடு அதை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு ஒன்று இருக்கும். பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். அப்போது ஸ்க்ரூ வைத்த வேறொரு கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்ற வேண்டும். டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு இழுக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடு பக்கம் விசாரித்துப் புது பெல்ட் போட்டு, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முதலில் வேண்டாத ஒரு கேசட்டை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நல்லதை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள்.

செய்ததும் நண்பர் தமிழில் அறிவிக்கிற ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி அவருக்கு அனுப்புங்கள். நலம் விசாரிப்பு, இத்தனை வருடம் ஏன் பேசவில்லை என்கிற விளக்கம், எதுவும் கூடவே வேண்டாம்.

இன்னொன்று. பெரிய ராக் கச்சேரிகளில் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். காதில் பஞ்சுகூட இல்லாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற தலைமுறை நாம். வயதாக ஆக மேல் ஸ்தாயிதான் முதலில் குறையும். சிம்பல் சத்தம் முன்பு போலக் கணீரென்று இல்லை, கூட்டத்தில் பேச்சு சரியாகப் பிடிபடவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை எடுத்துவிடுங்கள். ஆல்பத்தின் மேல் சொல்கிற குறையில் பாதி காதினுடையதாக இருக்கலாம்.

பையனை விட்டுவிடுங்கள். அப்பா போடுகிற பாட்டுக்கு எழுந்து போவது அவன் வயதுக்கு லட்சணம். நீங்களும் போயிருப்பீர்கள்.

மனைவியிடம் ஒரு ஷூ பெட்டி அளவுக்கு மட்டும் இடம் கேளுங்கள். டிடிகே கேசட்டுகள் அதில் அடங்கிவிடும். முழுப் பெட்டிக்கும் இடம் வேண்டும் என்று சண்டைக்குப் போனால் நான் அவர் கட்சி.